புரட்டிப் பார்க்கும் அக்காவும் ஒரு ரப்பர் வளையமும்

அக்கா கையில் எது கிடைத்தாலும் முதலில் அதைப் புரட்டுவாள். சட்டை என்றால் இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, தோள்பட்டைத் தையல்களைப் பிடித்து, ஒரே உதறில் உள்பக்கத்தை வெளியே கொண்டுவந்துவிடுவாள். காலுறைக்குக் கட்டைவிரல் ஒன்றே போதும். தலையணை உறை, துணிப்பை, கையுறை, என் மழைத்தொப்பி, எதுவும் தப்பியதில்லை. புரட்டியதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ஓரமாகப் பார்ப்பாள். பிறகு "ம்" என்பாள். அந்தத் துணியின் சொந்தக்காரரின் போன வாரம் முழுவதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

இது அவளுடைய வேலை. பெரிய சலவைக்கூடம் ஒன்றின் பின்னறையில் கறை எடுக்கும் மேஜை அவளுடையது. இயந்திரங்கள் கைவிட்ட துணிகள் அங்கேதான் வந்து சேரும். கறையை ஒருபோதும் நேருக்கு நேர் தாக்கக்கூடாது என்பது அந்த மேஜையின் சட்டம்.

"முன்பக்கத்துலேர்ந்து தேய்ச்சா அது உள்ள போய்க் குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிடும்டா. பின்பக்கத்துலேர்ந்து தட்டித் தட்டி, வந்த வழியாவே வெளிய அனுப்பணும்."

இதை நான் கவிதைக்கு எடுத்துக்கொண்டேன். 'வந்த வழியே வெளியேறும் துயரம்' என்று ஒரு வரி எழுதி அவளிடம் காட்டினேன். காகிதத்தை வாங்கினாள், பின்பக்கம் புரட்டினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பின்னாடி ஒண்ணும் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் கவிதைக்கு இதுவரை கிடைத்த ஒரே விமர்சனம் அது. நியாயமானதும்கூட.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் படிக்காத அந்தத் தாள், அதைப் படிக்கிற ஒரே ஆள் நான்தான். நாளெல்லாம் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதற்காகவே அந்த வேலையில் சேர்ந்தேன். எதிரே ஆள் வந்து நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்; புத்தக அலமாரிக்கு முன்னால் மட்டும் நான் மகா வாயாடி.

அக்கா நேர் எதிர். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே அவள் குரல் வீட்டுக்கு வந்துவிடும். மோட்டார் சைக்கிள் அவளுடையது, ஓட்டுகிறவளும் அவளே. நான் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன கதை ஒரு தபால்பெட்டியின் மீது முடிந்தது. அன்றிலிருந்து பின்னிருக்கை எனக்கு நிரந்தரம். தினமும் காலையில் என்னை அச்சகத்து வாசலில் இறக்கிவிட்டு அவள் சலவைக்கூடத்துக்குப் போவாள். வளைவுகளில் அவள் வண்டியைச் சாய்க்கும்போது நான் அவள் இடது தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

"டேய், தோளை விடு. கழண்டு உன் கையோட வந்துடும்."

"நீ சாய்க்காம ஓட்டு, நான் விடறேன்."

"சாய்க்காம ஓட்டணும்னா ரயில்தான் வாங்கணும்."

அவளை ஒருவர் விரும்பினார். அவளுக்கும் பிடித்திருந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். திடீரென்று ஒருநாள் வேண்டாம் என்றுவிட்டாள். அம்மா காரணம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தபோது சொன்னாள்: "சட்டைப் பையில பேனா கசிஞ்சிருக்கும்மா. ஒரு வாரமா அதே மையோட அதே சட்டையில வர்றாரு. கசிஞ்சதைச் சொல்லல, கசியறது பேனாவோட குணம். ஆனா ஒரு வாரமாவா ஒரு மனுஷன் குனிஞ்சு தன் நெஞ்சைப் பார்க்காம இருப்பான்?" அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அன்றிரவே போய் என் சட்டைப் பைகளையெல்லாம் பார்த்துக்கொண்டேன்.

அவளுக்கு இருந்த ஒரே தொல்லை கைகள். கறை நீக்குகிற திரவங்கள் கறையோடு நிற்பதில்லை. விரல் நுனிகள் வெடித்து, தோல் மெல்லிய தாளாக உரிந்து வரும். சட்டைப் பொத்தான் போடுவதற்கே முகம் சுளிப்பாள். கையுறை போட்டால் துணியின் நெசவு தெரியவில்லை என்று கழற்றி எறிந்துவிடுவாள், அதுவும் புரட்டி. மருத்துவர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்: அந்த மேஜையை விட்டு எழுந்தால்தான் கை பிழைக்கும்.

எழுந்திருக்க ஒரு வழி வந்தது. ஒரு பெரிய ஹோட்டலின் லாபியில் சலவைக்கூடம் சிறிய கவுண்டர் ஒன்று திறக்கப்போகிறது. துணியை வாங்கவேண்டும், கறையைப் பார்த்து என்னவென்று சொல்லவேண்டும், பின்னறைக்கு அனுப்பவேண்டும். திரவத்தைத் தொட வேண்டியதே இல்லை. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு. அந்த இடத்துக்கு அக்காவும் இன்னொருத்தியும் போட்டி. அந்த இன்னொருத்திக்குப் பவுடர் என்று பட்டப்பெயர். அக்கா வைத்ததுதான், சலவைக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஹோட்டல் மேனேஜர் முன்னால் அக்கா முதலில் நின்று காட்டவேண்டும்.

சலவைக்கூடத்து முதலாளியம்மா சொன்னதை அக்கா வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள். மூக்கின் நுனியில் இல்லாத கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு, "இந்தாம்மா, கறை எடுக்கிறவ கால்லயே கறையோட வந்து நிக்கிறே. திங்கக்கிழமை உன் உடுப்புல ஒரு புள்ளி தெரிஞ்சாலும் பவுடரைக் கூப்பிட்டு உட்கார வெச்சிடுவேன், பார்த்துக்க" என்றாள்.

புள்ளி இருக்கத்தான் செய்தது. தினமும். கால்சட்டையின் இடதுகால் ஓரத்தில், கணுக்காலுக்கு மேலே, கரும்பழுப்பில் சாய்ந்த சின்னச் சின்னத் தெறிப்புகள். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்வது இடது காலைப் பின்னால் மடக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஓரத்தைப் பார்ப்பதுதான்.

"என்ஜின் எண்ணெய். கியர் போடற பக்கத்துலேர்ந்து வருது" என்றாள். ஒர்க்‌ஷாப்புக்கும் போய் வந்தாள். வியாழக்கிழமைக்கு முன்னால் கை வைக்க முடியாது என்றுவிட்டார்களாம்.

"பையில வேற கால்சட்டை எடுத்துட்டுப் போய் அங்க மாத்திக்கயேன்" என்றாள் அம்மா.

"அந்தக் கவுண்டர் லாபியில இருக்கும்மா. வர்றவங்க போறவங்க முன்னாடியா மாத்துவாங்க?"

"பஸ்ல போ."

"அந்நேரத்துக்கு ஏது பஸ்?"

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வருஷத்துக்கு இரண்டு தடவை திறக்கிற வாய், அதில் ஒரு தடவை இப்படி ஆகிவிட்டது.

"அது ஆயில் சீல்க்கா. நானே மாத்திடறேன். வீட்டுலயே."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முடிந்திருந்தால் புரட்டியும் பார்த்திருப்பாள்.

நான் சொன்னது தவறில்லை. அச்சகத்தில் ஒரு வாகனக் கையேட்டுக்குப் பிழை திருத்தியிருந்தேன். என்ஜினிலிருந்து ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் பல்சக்கரம், பல்சக்கரத்தில் செயின். தண்டு வெளியே வருகிற ஓட்டையில், உள்ளே இருக்கிற எண்ணெய் கூடவே வந்துவிடாமல் கவ்விப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம். அதுதான் சீல். வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசியும், ஓடுகிற செயின் அதை வாரி இறைக்கும். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன்மேல் தெறிக்கும். பக்கத்தில் இருந்தது அக்காவின் கால்.

கவிதையில் எண்ணெய் சொட்டினால் அது காலம். வண்டியில் சொட்டினால் அது எண்ணெய்தான் என்பதை நான் அப்போது போதிய அளவு யோசிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் உதிரிபாகக் கடைக்குப் போனேன். பேசவேண்டி வருமே என்று, வண்டியின் பெயர், வருஷம், வேண்டிய பொருள் எல்லாவற்றையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் "என்ன வேணும் தம்பி?" என்றார். நான் தாளை நீட்டினேன். அவர் படித்தார். என்னைப் பார்த்தார். முகம் சட்டென்று கனிந்துவிட்டது. வாயைத் தொட்டு, கையை மெல்ல விரித்துச் சைகையில் கேட்டார்: பேச வராதா?

அந்த ஒரு வினாடியில் நான் "வருமே" என்று சொல்லியிருக்கவேண்டும். நாக்கு வழக்கமான இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிரித்து வைத்தேன். அவ்வளவுதான், பிறகு எதையும் திருத்த வழியில்லாமல் போயிற்று. அவர் உள்ளே போய் வளையத்தை எடுத்து வந்து காட்டினார், தலையாட்டினேன். இரண்டு விரல்களைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்; அதற்கும் தலையாட்டினேன். ஓர் எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார், ஆட்டினேன். அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் ஒரு புது என்ஜினோடு திரும்பியிருப்பேன். கிளம்பும்போது தோளில் தட்டிக்கொடுத்தார். ஊமைப் படமாக வெளியே வந்தேன், இரண்டு சீல்களோடு.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுப் பக்கவாட்டில் வண்டியை நிறுத்தினோம். எண்ணெய் மறுபக்கம் போய் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று வலதுபக்கமாகச் சுவரில் சாய்த்து, இடையில் பழைய மெத்தையைச் செருகினோம். சமையலறை ஜன்னல் நேர் மேலே. அம்மா கீரை ஆய்ந்தபடி எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் தேறுமா?"

"நீயும் வந்தா தேறும்மா" என்றாள் அக்கா.

கியர் மிதியைக் கழற்றினேன். அதற்குப் பின்னாலிருந்த மூடியைக் கழற்றினேன். உள்ளே பல்சக்கரம் தெரியவில்லை; அது இருக்கவேண்டிய இடத்தில் எண்ணெயும் மண்ணும் செயின் அழுக்கும் சேர்ந்த ஒரு கருஞ்சேறு இருந்தது. எனக்குக் குமட்டியது. அக்காவுக்குக் கண்கள் மின்னின.

"அடேயப்பா, எத்தனை நாள் கறைடா இது!"

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அவள் அதைத் துடைத்து எடுத்ததைப் பார்க்கவேண்டும். வெடித்த விரல்களுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, பல் பல்லாக, இடுக்கு இடுக்காக. வேண்டாம், கை எரியும் என்று தடுத்தேன். "போடா, திங்கக்கிழமைக்கு அப்புறம் இதெல்லாம் யார் தருவா எனக்கு" என்றாள்.

பல்சக்கரத்தைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்ற, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கவேண்டும், ஒருவர் ஸ்பேனரைத் திருகவேண்டும். ஆண்பிள்ளை என்ற முறையில் ஸ்பேனரை நான் எடுத்தேன். திருகினேன். மூச்சைப் பிடித்துத் திருகினேன். காதுக்குள் 'ங்' என்று சத்தம் வந்தது, போல்ட்டிலிருந்து வரவில்லை.

"என்னடா, அசையுதா?"

"மனசளவுல அசைஞ்சிருக்கு."

"நீ வந்து பிரேக்கைப் பிடி."

இடம் மாறினோம். ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகி, அதன்மேல் தன் முழு எடையையும் போட்டு அவள் ஒரு தடவைதான் அழுத்தினாள். மடார் என்றது. "ம்" என்றாள். மேலே ஜன்னலில் அம்மாவும் "ம்" என்றாள். அது வேறு விதமான 'ம்'.

பல்சக்கரம் வந்தது. அதன் பின்னால் சீல். ஸ்க்ரூடிரைவர் முனையில் துணி சுற்றி, தண்டில் கீறல் விழாமல் நெம்பினேன். இந்த ஒரு வேலையை நான் நன்றாகச் செய்தேன் என்று எழுதியே ஆகவேண்டும், வேறு எதையும் எழுத முடியாது என்பதால். சட்டென்று பழைய வளையம் வெளியே குதித்தது. அதை எடுத்து, வெளியே பார்த்திருந்த முகம் மேலே இருக்கும்படி, செய்தித்தாளில் அப்படியே வைத்தேன். புதியதை இதே மாதிரி வைத்தால் போதும். மனசுக்குள் என்னை நானே தட்டிக்கொடுத்துவிட்டுக் கைகழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது அக்கா பழைய வளையத்தைத் துடைத்து முடித்திருந்தாள். ஒரு பக்கம் துடைத்து, புரட்டி, மறுபக்கம் துடைத்து, மறுபடி புரட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொரு தரம் புரட்டி வைத்திருந்தாள்.

"எந்தப் பக்கம்க்கா வெளிய இருந்துச்சு?"

"ஏன், ரெண்டும் சுத்தமாத்தானே இருக்கு?"

நாங்கள் இருவரும் புது வளையத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு பக்கத்தில் பள்ளமான எழுத்துகளும் எண்களும். மறுபக்கத்தில் ரப்பர் மடிப்புக்குள் பொடிக் கம்பிச்சுருள் ஒன்று வளையல் மாதிரி உட்கார்ந்திருந்தது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி வந்திருக்கத்தான் வேண்டும். நான் அந்த வரியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பேன். செல்பேசியில் ஒரு வீடியோவைப் போட்டேன். ஒருவர் அழகாக எல்லாவற்றையும் விளக்கினார். சீலை வைக்கிற அந்தத் தருணத்தில் மட்டும் அவருடைய புறங்கை முழுப் படத்தையும் மறைத்தது.

"எழுத்து இருக்கற பக்கம் வெளியன்னு தோணுது" என்றேன். "படிக்கறதுக்குத்தானே எழுத்து?"

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "லேபிள் எப்பவும் உள்பக்கம்தான்டா இருக்கும். உன் சட்டையில லேபிள் வெளியவா இருக்கு?"

என்னையும் அறியாமல் கை பின்கழுத்துக்குப் போய்த் தடவிப் பார்த்தது. லேபிள் உள்ளேதான் இருந்தது. இத்தனை வருஷம் படித்த படிப்பு, வாசித்த வாசிப்பு எல்லாவற்றையும் துழாவினேன்.

எழுத்தை உள்ளே வைத்தோம். வளையத்தின் உதட்டில் கிரீஸ் தடவினேன். பிளம்பர் விட்டுப்போன குழாய்த் துண்டு ஒன்று வளையத்தின் அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. அதை மேலே வைத்து மரக்கட்டையால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். சமமாக உள்ளே இறங்கி உட்கார்ந்தது. பல்சக்கரம், செயின், போல்ட், மூடி, கியர் மிதி. வண்டியை நிமிர்த்தினோம். அம்மா கீழே வந்து பார்த்து, "பரவால்ல, எதுவும் மிச்சம் விழல" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு. என் நெஞ்சு ஒரு விரற்கடை விரிந்தது. இதைப் பற்றி ஒரு நீள்கவிதை எழுதலாம் என்று தலைப்பைக்கூட யோசித்துவிட்டேன்.

அக்கா பழைய வெள்ளைக் கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தாள். இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலைப் பின்னால் மடக்கினாள்.

தெறிப்பு இல்லை. தெறிப்பு என்று சொல்ல முடியாத அளவுக்கு இருந்தது. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஒரே கருப்பு. அவள் வந்த வழியெங்கும் தார்ரோட்டில் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு, வாசலில் வந்து முடிந்திருந்தது. வண்டிக்குக் கீழே பார்த்தோம். அங்கே ஒரு சின்னக் குளம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்தது.

அம்மா ஒரு பழைய பேசினைக் கொண்டுவந்து சொட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அக்கா படிக்கட்டில் உட்கார்ந்தாள். சுற்றியிருந்த துணியை அவிழ்த்து விரல்களைப் பார்த்துக்கொண்டாள். மண்ணெண்ணெயில் வெடிப்புகள் சிவந்திருந்தன. "சரி விடு" என்றாள். "பவுடர் நல்லாத்தான் பேசுவா. அவ உட்காரட்டும். எனக்கு என்ன, மேஜை இருக்கு."

அவள் கத்துவாள் என்றுதான் நான் தயாராக இருந்தேன்.

"இன்னொரு சீல் இருக்குக்கா."

"ரெண்டு வாங்கினியா? எதுக்குடா?"

"அவரு ரெண்டு விரலைக் காட்டினாரு."

"வேணாம்னு சொல்லறதுதானே?"

"சொல்ல முடியல."

"ஏன்?"

சொன்னேன். முழுதையும். தாள், சைகை, தோளில் தட்டிக்கொடுத்தது எல்லாம். அக்கா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு படிக்கட்டிலேயே சாய்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கி அடங்கி மறுபடி வந்தது. "அம்மா! அம்மா, இங்க வா, உன் பிள்ளை ஊமையாயிட்டானாம்!" ஜன்னலுக்குள்ளிருந்து, "எப்போ பேசினான், இப்போ புதுசா ஆக?" என்று பதில் வந்தது.

"போன் போட்டு அவர்கிட்டயே எந்தப் பக்கம்னு கேளேன்" என்றவள், உடனே தானே "நீ எப்படிப் பேசுவ" என்று மறுபடி ஒரு சுற்றுச் சிரித்துவிட்டு, பாட்டில் மேல் ஒட்டியிருந்த கடை எண்ணுக்குத் தானே போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யார் எடுப்பார்கள்.

சிரித்ததில் அவளுக்குத் தெளிவு வந்திருந்தது போலும். செய்தித்தாளில் கிடந்த பழைய வளையத்தை எடுத்தாள். புரட்டினாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள்.

"என்னதான் துடைச்சாலும் எங்கயாவது நிழல் நிக்கும்டா. இங்க பாரு, இது என்ன எழுத்து?"

எழுத்து என்றதும் என் கண் விழித்துக்கொண்டது. வளையத்தை வாங்கி மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்தேன். பள்ளமான எண்கள் ஒவ்வொன்றின் அடியிலும், ஊசி முனை அளவுக்கு, காய்ந்த செம்மண். எட்டின் இரண்டு வயிற்றிலும் மண். கம்பிச்சுருள் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு துகள் மண் இல்லை, வெறும் எண்ணெய் மினுமினுப்பு.

"எழுத்துக்குள்ள ரோட்டு மண்" என்றேன்.

"என்ஜினுக்குள்ள ரோடு இருக்கா?"

"இல்ல."

"அப்போ எழுத்து ரோட்டைப் பார்த்துதான் இருந்திருக்கு."

'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்ல எனக்கு முழு உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. அடக்கம் எல்லாம் இல்லை, அவள் கையில் ஸ்பேனர் இருந்தது.

மறுபடியும் சுவர், மெத்தை, கியர் மிதி, மூடி, குழாய் செருகிய ஸ்பேனர். புதுச் சீலை நெம்பி எடுக்கும்போது அது கிழிந்தது. ஒரு முறை உட்கார்ந்ததை எழுப்பினால் அப்படித்தான். இரண்டாவதை எழுத்து வெளியே தெரிய வைத்தேன். தட்டினேன். குறைந்துபோன எண்ணெயைப் பாட்டிலிலிருந்து ஊற்றினோம். சாயங்காலம் அக்கா தெருவை ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு எங்கேயோ தொலைவாகப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். இறங்கினாள். காலை மடக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ம்."

அவ்வளவு அழகான ஒரு கவிதையை நான் எழுதியதில்லை.

அதன் பிறகு என் கைகளைச் சுத்தம் செய்கிற படலம். சோப்பு, பாத்திரம் தேய்க்கிற பொடி, எலுமிச்சைத் தோல், அக்கா தந்த ஏதோ ஒரு நீலத் திரவம். நகக்கண்களில் மட்டும் கருப்பு போகவில்லை. அதை நான் அழித்துவிட விரும்பவும் இல்லை, உண்மையைச் சொன்னால். மறுநாள் அச்சகத்தில் யாராவது கேட்பார்கள் என்று ஒரு நப்பாசை. யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அக்கா வெள்ளையில் நின்றாள். இஸ்திரி மடிப்புகள் கத்தி மாதிரி இருந்தன. அம்மா அவளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கிளம்பும் முன் எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. குனிந்து, மூடியின் அடியில் விரல்களை விட்டுத் தடவிப் பார்த்தேன்.

"சொட்டு இல்லக்கா. காய்ஞ்சு கிடக்கு!"

"ஏறுடா, நேரமாச்சு."

கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். அன்று அவள் வழக்கத்தைவிட வேகமாகப் போனாள். வளைவுகளில் வழக்கத்தைவிடச் சாய்த்தாள். அச்சக வாசலில் நான் இறங்கியதும் இடது காலை மடக்கிக் காட்டினாள். பால் மாதிரி இருந்தது. கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனாள்.

இரவு வந்ததும் கேட்டேன். "எப்படிக்கா இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சுடா" என்றாள். இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. இப்போது அந்த லாபியில் உட்கார்ந்து, கொண்டுவருகிறவர்களின் துணிகளைப் புரட்டிப் பார்த்து "ம்" சொல்கிறாள். விரல் நுனிகளில் தோல் மூடியிருக்கிறது. பொத்தான்களை முகம் சுளிக்காமல் போடுகிறாள். நான் அந்த ஆயில் சீலைப் பற்றி, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், என் அளவில் நிறையவே பேசினேன். அந்த உதிரிபாகக் கடை இருக்கிற தெரு வழியாக மட்டும் போவதில்லை.

போன மாதம் ஒருநாள் பவுடர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் பகையெல்லாம் இல்லை. பட்டப்பெயரைச் சொல்லித்தான் அக்கா அவளை உள்ளே கூப்பிட்டாள். அக்கா குளிக்கப் போயிருந்த நேரத்தில், என்னைப் பார்த்து, "நீதானே வண்டி ரிப்பேர் பண்ணின தம்பி?" என்று சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் அவள் சொன்னாள். அந்தத் திங்கட்கிழமை, தன் முறைக்குக் காத்திருந்த பவுடரின் கண் முன்னாலேயே, ஹோட்டல் வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் அக்கா கோட்டைக் கழற்றினாளாம், ஒரு உதறு உதறிப் புரட்டினாளாம், அப்படியே மறுபடி மாட்டிக்கொண்டாளாம். நாள் முழுக்க லேபிளும் தையலும் வெளியே தெரிய, மேனேஜர் முன்னாலும் அப்படித்தான் நின்றாளாம். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "தையலைப் பார்க்காம துணியைப் பத்தி என்ன சார் சொல்ல முடியும்?" என்றாளாம். உள்ளே போன பக்கத்தில், இடது தோளில், கருப்பாக நாலு விரல் இருந்ததாம். கட்டைவிரல் முதுகுப் பக்கம்.